நண்பர்களைத் தாருங்கள்

பெரியோர்களே, பிஷப் என்றதும் உங்களில் பாதிப் பேருக்குக் கால்டுவெல் நினைவுக்கு வந்திருப்பார். தப்பில்லை. ஆனால் நான் பேச வந்தது அதே திருநெல்வேலிச் சீமையில் பிறந்த நம்மாள் ஒருவரைப் பற்றி. வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஊர் வெள்ளாளன்விளை, பிறந்தது 1874. அப்பா சபை ஐயர், அதாவது கிறிஸ்தவப் போதகர்.

சென்னையில் படித்தார், பட்டம் வாங்கவில்லை. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார். 1902-இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசிலேயே மதப்பணி செய்ய ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மனதில் தைத்துவிட்டது. மறு ஆண்டே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. பணமும் நம்முடையது, ஆளும் நம்மவர், நிர்வாகமும் நம்முடையது.

சரி, ஊழியர் வேண்டுமே? 1909-இல் அவரே கிளம்பிவிட்டார், நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்கு. கூடாரத்தில் குடியிருப்பு. முப்பத்தைந்து வயதில் தெலுங்கு படிப்பு. பாளையங்கோட்டைத் தமிழ் பேசிய நாக்கு என்ன பாடு பட்டிருக்கும்!

அடுத்த ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. ஆயிரத்துக்கு மேற்பட்ட பிரதிநிதிகள். ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேடையேறிய அசரியா நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவர் சொன்னது வேறு: ‘ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் உடலையே சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். நண்பர்களைத் தாருங்கள்!’ வேதம் தெரிந்தவர்களுக்கு அந்த அடி எங்கே விழுந்தது என்று புரியும். பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதில், பொருளையும் உடலையும் கொடுத்தும் அன்பு இல்லாவிட்டால் பிரயோஜனம் ஒன்றுமில்லை என்றுதானே இருக்கிறது? அவர்கள் வசனத்தையே எடுத்து அவர்கள் முன் வைத்தார். அரங்கில் முணுமுணுப்பு எழுந்தது.

அப்பேர்ப்பட்டவரை பிஷப் ஆக்கலாமா? ஓர் இந்தியருக்குக் கீழே வெள்ளைக்காரர் வேலை செய்வாரா என்று ஆட்சேபம் வந்தது. சென்னை பிஷப் வைட்ஹெட் விடவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் அபிஷேகம். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்.

அப்புறம் மாட்டுவண்டியும் சைக்கிளும்தான். கிராமங்களில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளான தெலுங்குச் சாதியினரான மாலாக்களும் மாதிகாக்களும். ஞானஸ்நானம் பெற்றவர் தன் தலைமேல் கை வைத்து, ‘நான் சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ’ என்று சொல்ல வேண்டும். நேற்றுவரை ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் இன்றைக்குப் போதகர்! இந்தப் பெருந்திரள் மதமாற்றத்தில்தான் காந்திக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கிறிஸ்தவர்கள் மட்டும் வாக்களிக்கும் தனித்தொகுதி என்ற பேச்சு வந்தபோது வேண்டாம் என்றவரும் இவர்தான்.

தோர்ணக்கல்லில் அவர் கட்டிய பேராலயம் 1939-இல் திறக்கப்பட்டது. மேலே மசூதிபோல் குவிமாடம், உள்ளே கோயில் மண்டபம்போல் தூண்கள். 1919-இல் தரங்கம்பாடியில் அவர் முன்னின்று தொடங்கிய, வெவ்வேறு சபைகளை ஒன்றாக்கும் முயற்சி, 1947 செப்டம்பரில் தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி முதல் தேதியே தோர்ணக்கல்லில் கண்மூடிவிட்டார்.