எந்த விலையிலிருந்து எழுபது சதவீதம்?

நேயர்களுக்கு வணக்கம். நிறுவனங்களுக்காக மென்பொருள் வாங்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். "உங்களுக்காக எழுபது சதவீதம் குறைத்திருக்கிறோம் சார்" என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லும்போது மனம் குளிர்ந்துவிடும். எந்த விலையிலிருந்து எழுபது என்று அப்போது யாரும் கேட்பதில்லை.

பட்டியல் விலை என்று ஒன்று உண்டு, விற்பவர் தள்ளுபடிக்கு முன் அறிவிக்கும் விலை. ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளில், பெரிய நிறுவனங்களுக்கான என்டர்பிரைஸ் பதிப்புக்கு, அது ஓடும் கணினியின் ஒரு பிராசசருக்கு 47,500 டாலர் என்று பட்டியலில் போட்டிருக்கும். பெரிய அளவில் வாங்குபவர்கள் அதை அப்படியே கொடுப்பது அபூர்வம். பேரத்தைத் தொடங்க வைத்த எண் என்று நினைத்து அதை மறந்துவிடுகிறோம். அது பிற்பாடு திரும்பி வரும். இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

மென்பொருளைப் பயன்படுத்தும் உரிமத்தை வாங்கியதோடு செலவு முடியாது. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். ஆரக்கிளில் அது வாங்கிய விலையில் 22 சதவீதம். மனக்கணக்காகவே போட்டுப் பார்ப்போம். நூறு உரிமங்கள், ஒன்று ஆயிரம் டாலர், பட்டியல்படி ஒரு லட்சம். அறுபது சதவீதம் தள்ளி நாற்பதாயிரத்துக்கு வாங்குகிறீர்கள். பராமரிப்பு ஆண்டுக்கு 8,800. சில வருடம் கழித்து ஆட்கள் குறைந்து, ஐம்பது உரிமமே போதும் என்றாகிறது. கட்டணமும் பாதியாகி 4,400 ஆகும் என்றுதானே நினைப்பீர்கள்?

ஆகாது. ஒரு பகுதியை விட்டுவிட்டால், மிச்சமிருப்பதற்குப் பழைய தள்ளுபடி செல்லாது, விலையை மறுபடி கணக்கிடுவோம் என்று விதி வைத்திருப்பார்கள். தள்ளுபடி முழுக்கப் போனால் பட்டியல் விலைப்படி ஐம்பது உரிமத்துக்கு ஐம்பதாயிரம். அதில் 22 சதவீதம் 11,000. முன்பு கட்டிய மொத்தத் தொகையைத் தாண்டாது என்றும் ஒரு வரி இருக்கும். ஆக, அதே 8,800. திரும்பவும் சொல்கிறேன்: பாதி உரிமத்தை விட்டுக்கொடுத்த பிறகும் ஒரு டாலர் மிச்சமில்லை. வாங்கும்போது கிடைத்த அந்த அறுபது சதவீதம், அளவைக் குறைக்காமல் இருக்கும்வரைதான் உங்களுடையது. மென்பொருள் வாங்கும் ஒவ்வொருவரும் இந்த ஒரு கணக்கையாவது கையெழுத்துப் போடுமுன் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அப்புறம் தொகுப்பு. உங்களுக்கு ஒரு மென்பொருள்தான் தேவை. கூடவே இரண்டைச் சேர்த்து, மொத்தத்தில் பெரிய தள்ளுபடி என்பார்கள். அந்தத் தள்ளுபடி எந்த வரியில் விழுகிறது என்று பாருங்கள். தேவையானதற்கு இருபது சதவீதமும் தேவையில்லாததற்குத் தொண்ணூறும் போட்டிருந்தால், வேண்டாததைப் பிற்பாடு நீக்கினாலும் பில் பெரிதாகக் குறையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலையை எழுத்தில் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் இன்னும் அழுத்திக் கேளுங்கள்.

எப்போது கேட்பது? ஆரக்கிளின் நிதியாண்டு மே 31-இல் முடிகிறது, மைக்ரோசாஃப்டுடையது ஜூன் 30-இல். கடைசி வாரங்களில் விற்பனை இலக்கை எட்டும் நெருக்கடி அவர்களுக்கு. அப்போது இன்னும் ஐந்து சதவீதம் கேட்பதைவிட, அந்த மறுகணக்கீட்டு விதியைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பது எவ்வளவோ மேல்.

உரிமத் தணிக்கை, அதாவது வாங்கிய அளவுக்கு மேல் பயன்படுத்துகிறோமா என்று விற்றவர்கள் சோதிப்பது பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது விலை எத்தனை சதவீதம் வரை ஏறலாம் என்ற உச்சவரம்பை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வணக்கம்.