ஒரு தேர்தல், ஆயிரம் கைகள்

அவையோருக்கு வணக்கம்.

நம் இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்துகிற ஓர் அமைப்பு அமெரிக்காவில் கிடையாது. கூட்டரசுத் தேர்தல் ஆணையம் என்று ஒன்று உண்டு. ஆனால் அதன் வேலை வேட்பாளர்களும் கட்சிகளும் வாங்குகிற, செலவழிக்கிற பணத்தைக் கண்காணிப்பதுதான். ஓட்டுப் பதிவும் எண்ணிக்கையும் மாநிலங்களின் பொறுப்பு. அவை பெரும்பாலும் கவுன்ட்டிகளிடம், அதாவது நம் மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகங்களிடம், ஒப்படைத்துவிடும். ஜார்ஜியா மாநிலத்தில் மட்டும் 159 கவுன்ட்டிகள். அங்கே தேர்தலுக்குப் பொறுப்பான மாநிலச் செயலாளரே ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்து வந்தவர்.

கட்சிக்காரர் கையில் ஓட்டுப்பெட்டியா என்று நமக்குப் பகீரென்கிறது. நியாயமான பயம்தான். ஆனால் 2020 அதிபர் தேர்தலில் அந்த ஜார்ஜியாவில் நடந்ததைப் பாருங்கள்.

பதிவான ஓட்டு சுமார் 50 லட்சம். கடைசிக் கணக்கில் ஜனநாயகக் கட்சியின் பைடன் ட்ரம்பை முந்தியது 11,779 ஓட்டில். அந்த வருடம்தான் மாநிலம் முழுக்கக் காகிதமில்லாத தொடுதிரை இயந்திரங்களைக் கைவிட்டு, வாக்காளர் படித்துப் பார்க்கக்கூடிய அச்சிட்ட சீட்டுக்கு மாறியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு சீட்டையும் கையால் எண்ண முடிந்தது. மேசைக்கு இருவர். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரை வாய்விட்டுப் படிப்பார். மற்றவர் அதை வாங்கித் தானும் பார்த்து, அந்த வேட்பாளருக்கான அடுக்கில் வைப்பார். கட்சிகளின் பார்வையாளர்கள் சுற்றி நின்று கவனிப்பார்கள். 50 லட்சம் சீட்டும் இப்படித்தான் எண்ணப்பட்டன. ஜெயித்தவர் மாறவில்லை.

அப்புறம் 2021 ஜனவரி 2ஆம் தேதி அதிபர் ட்ரம்ப், மாநிலச் செயலாளர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்தார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் பேச்சு. தனக்கு 11,780 ஓட்டைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அதாவது தோற்ற வித்தியாசத்தைவிட ஒன்று அதிகம். ராஃபென்ஸ்பெர்கர் அதே குடியரசுக் கட்சிக்காரர், ட்ரம்பை ஆதரித்தவர். உங்களிடம் இருக்கிற தகவல் தவறு என்று பதில் சொன்னார். அதிபரால் அவரைப் பதவியிலிருந்து தூக்க முடியாது, இடமாற்றம் செய்ய முடியாது. அவரை நியமித்தது ஜார்ஜியா மக்கள். அவருடைய நேர்மையை நான் மனதார வணங்குகிறேன். ஆனாலும் அந்த நேர்மைக்கு முதுகெலும்பாக நின்றது இந்த ஏற்பாடுதான்.

நான்கே நாளில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் ட்ரம்ப் ஆதரவாளர் கூட்டம் புகுந்தது. அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது, அதிபரை முடிவு செய்கிற, மாநிலங்களின் தேர்வாளர்கள் போட்ட ஓட்டுகளின் எண்ணிக்கை. அன்று இரவே உறுப்பினர்கள் திரும்பி வந்து, விடிவதற்குள் அதை முடித்தார்கள். 2022இல் சட்டத்தையும் இறுக்கினார்கள். துணை அதிபர் அந்தச் சபையில் முடிவை அறிவிப்பவர் மட்டுமே, மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று தெளிவாக எழுதினார்கள். 2025 ஜனவரி 6ஆம் தேதி அந்த நாற்காலியில் இருந்தவர், சென்னையில் பிறந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். ட்ரம்புக்கு 312 தேர்வாளர் ஓட்டு, தனக்கு 226 என்று தன் தோல்வியைத் தானே அறிவித்தார். சபை அமைதியாகக் கலைந்தது.

சரி, அதிகாரம் பரவிக் கிடப்பது இவ்வளவு நல்லதென்றால், எனக்கு ஏன் கவலை?

ஓட்டை எண்ணுகிற அதே மாநிலங்கள்தான் தொகுதிக் கோடும் போடுகின்றன. பெரும்பாலான மாநிலங்களில் அங்குள்ள சட்டமன்றத்தில் யாருக்குப் பெரும்பான்மையோ அவர்கள் கையில் வரைபடம். எதிர்க்கட்சி ஓட்டர்களை இரண்டு மூன்று தொகுதிகளில் திணித்துவிடு, மிச்சப் பேரைப் பல தொகுதிகளுக்குப் பிரித்துக் கரைத்துவிடு. அவ்வளவுதான் வித்தை. கள்ள ஓட்டு ஒன்றுகூட வேண்டாம். கட்சி ஆதாயத்துக்காகக் கோடு போட்டால் கூட்டரசு நீதிமன்றங்கள் தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. என் பார்வையில் அது பெரிய தவறு. கோடு போட்டவர்களிடமே போய்க் கோட்டை மாற்றச் சொன்னால் மாற்றுவார்களா?

நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் கதை வேறு. ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரண்டு இடம், நான்கு கோடியை எட்டும் கலிஃபோர்னியாவுக்கும் இரண்டு இடம். மாநிலத்தின் சம்மதமில்லாமல் அதைக் குறைக்கக் கூடாது என்று அரசியலமைப்பே பூட்டிவைத்திருக்கிறது. அது இப்போதைக்கு மாறப் போவதில்லை. தொகுதிக் கோடு அப்படியல்ல, மாற்றலாம். மிச்சிகன் மக்கள் 2018இல் ஓட்டுப் போட்டு அந்த வேலையை 13 குடிமக்கள் கொண்ட குழுவிடம் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்தவர்கள். இரண்டு கட்சியிலிருந்தும் நான்கு நான்கு பேர், எந்தப் பக்கமும் சாராதவர் ஐந்து பேர். கலிஃபோர்னியாவிலும் இப்படியொரு குழு முன்பே இருந்தது.

ஆனால் 2025இல், பத்தாண்டுக் கணக்கெடுப்புக்குக் காத்திராமல் டெக்சாஸ் குடியரசுக் கட்சிக்குச் சாதகமாக வரைபடத்தை மாற்றியது. பதிலுக்குக் கலிஃபோர்னியா மக்களிடமே ஓட்டு வாங்கி, குழு வரைந்ததை ஒதுக்கிவிட்டு ஜனநாயகக் கட்சிக்குச் சாதகமான வரைபடத்தைக் கொண்டுவந்தது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இப்படி மாநிலத்துக்கு மாநிலம் பழிக்குப் பழி என்று போனால், குடிமக்கள் குழுவை எந்த மாநிலம் விட்டுவைக்கும்? இரண்டு கட்சியையும் ஒரே நாளில் கட்டுப்படுத்துகிற சட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றம்தான் போட முடியும். அந்த அதிகாரம் அதற்கு அரசியலமைப்பிலேயே இருக்கிறது. இன்னும் அது போடவில்லை.