எமனைத் திட்டிய புலவர்கள்

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ராஜாவின் சாவிலிருந்து தொடங்குகிறேன். சோழன் கிள்ளிவளவன். குளமுற்றம் என்ற ஊரில் இறந்தவன் என்பதால் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்றே அவனுக்குப் பெயர் நின்றுவிட்டது. புறநானூற்றை எடுத்து 226, 227, 228 மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். மூன்றும் அவன் இறந்தபோது பாடியவை, மூன்று பேர் பாடியவை.

இரங்கற்பா என்றால் வள்ளல் போய்விட்டான், இனி யார் தருவார்கள் என்ற அழுகையைத்தான் எதிர்பார்ப்போம். அந்த மாதிரிப் பாட்டுகளும் புறநானூற்றில் நிறைய உண்டு. ஆனால் இங்கே முதல் இரண்டு பாட்டிலும் புலவர்கள் எமனோடு சண்டைக்கு நிற்கிறார்கள். எனக்கு இந்தச் சண்டைதான் முக்கியம். சாவுக்கு முன்னால் வருகிற கோபத்தை அழுகைக்குக் குறைவாக வைக்கக் கூடாது என்று நான் நம்புகிறேன், அதற்கு இந்தப் பாட்டுகளை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

226 மாறோக்கத்து நப்பசலையார் பாடியது. ஆறே வரி. "செற்றன்று ஆயினும், செயிர்த்தன்று ஆயினும், உற்றன்று ஆயினும், உய்வின்று மாதோ" என்று ஆரம்பிக்கிறது. உள்ளுக்குள் பகை வைத்து வந்திருந்தாலும், வெளிப்படையாகச் சீறி வந்திருந்தாலும், அவன் மேல் கையே வைத்திருந்தாலும், கூற்றம், அதாவது எமன், உயிரோடு திரும்பியிருக்காதாம். அப்படியானால் எப்படித்தான் கொண்டு போனது? "பாடுநர் போலக் கைதொழுது ஏத்தி, இரந்தன்றாகல் வேண்டும்." பாடி வருகிறவர்களைப் போலக் கும்பிட்டு, புகழ்ந்து, பிச்சை கேட்டுத்தான் வாங்கிப் போயிருக்கும்!

யோசித்துப் பாருங்கள். அந்த வாசலில் நின்று பாடிப் பரிசு வாங்கியவர் நப்பசலையார். இப்போது எமனைக் கொண்டுவந்து தன் வரிசையிலேயே நிறுத்திவிடுகிறார். கிள்ளிவளவன் தோற்கவில்லை, கேட்டார்கள், கொடுத்துவிட்டான். அழுகிற ஒருவர் இதை விடப் பெரிய வீம்பு பிடிக்க முடியாது.

அப்புறம் 227, ஆவடுதுறை மாசாத்தனார். இவருக்கு அந்த நாசூக்கெல்லாம் இல்லை. எடுத்த எடுப்பிலேயே "நனிபேதையே நயனில் கூற்றம், விரகு இன்மையின் வித்து அட்டு உண்டனை" என்று திட்டுகிறார். அறிவு கெட்ட எமனே, விதைநெல்லைச் சமைத்துத் தின்றுவிட்டாயே. வாள் வீரரும் யானையும் குதிரையும் ரத்த வெள்ளத்தில் விழ, நாள்தோறும் கொன்று கொன்று உன் பசியைத் தீர்த்தவன் இவன்தான். இவனையும் தின்றுவிட்டால் இனி உனக்கு யார் சோறு போடுவார்கள்?

இந்த இடத்தில் எனக்கு ஒரு நெருடல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. எமனுக்குப் போட்ட அந்தச் சோறு மனிதர்கள். இதே கிள்ளிவளவன்தான் மலையமான் என்ற சிற்றரசனின் சின்னப் பிள்ளைகளை யானைக் காலில் இடப் போனான். கோவூர்கிழார் பாடித் தடுத்தார், அது 46ஆம் பாட்டு. மாசாத்தனார் அவனை நல்லவனாக்கிக் காட்ட முயலவே இல்லை. அவன் கொன்றதைக் கணக்குப் போட்டுச் சொல்லித்தான் அழுகிறார். இறந்தவர்களைப் பூசி மெழுகாமல் அழுவது இந்தப் பாட்டின் பலம் என்பேன்.

228இல் ஐயூர் முடவனார் குயவரிடம் போகிறார். அந்தக் காலத்தில் இறந்தவரைத் தாழி என்ற பெரிய பானையில் வைத்துப் புதைப்பார்கள், அதை வனைகிறவர் குயவர். சூளைப் புகை இருட்டையே உருட்டி வைத்தது போல வானத்துக்கு எழுகிறது. "கலம்செய் கோவே, பானை வனைகிறவனே, நீ பாவம், என்ன செய்யப் போகிறாய்? வளவனை மூடும் அளவுக்குத் தாழி வனைய வேண்டுமென்றால் பூமியே சக்கரமாக, பெரிய மலையே மண்ணாக வேண்டும், உன்னால் ஆகுமா?" என்று கேட்கிறார். ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமாகப் படும். அவ்வளவு பெரிய பானைகளே போதாது என்கிறார் இவர்.

சரி, ராஜா செத்தால் புலவர் பாடுவார். சாதாரண ஒருத்தியின் கணவன் வழியில் செத்துக் கிடந்தால்? 255ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. அவளே பேசுவதாக வருகிறது. இதை மெதுவாகப் படியுங்கள்.

"ஐயோ எனின் யான் புலி அஞ்சுவலே." வாய்விட்டு அழுதால் புலி வந்துவிடுமோ என்று பயம். "அணைத்தனன் கொளினே அகன்மார்பு எடுக்கல்லேன்." அணைத்துத் தூக்கலாம் என்றால் உன் அகன்ற மார்பைத் தூக்க என்னால் முடியவில்லை. அழவும் முடியாது, தூக்கவும் முடியாது. உடனே அடுத்த மூச்சில் சாபம்: உனக்கு இதைச் செய்த அறமில்லாத எமனும் என்னைப் போலவே நடுங்கட்டும். அது முடிந்ததும் செத்தவனிடமே திரும்பிப் பேசுகிறாள். என் முன்கையைப் பிடித்துக்கொள், மலை நிழலுக்குப் போய்விடலாம், கொஞ்சம் நட.

ஆறே வரியில் பயம், இயலாமை, சாபம், கெஞ்சல். பெரிய வசவெல்லாம் அவளிடம் இல்லை. தன் உடம்பில் ஓடுகிற நடுக்கம் எமனுக்கும் வரட்டும் என்கிறாள். அவளிடம் இருப்பது அது ஒன்றுதான், அதையே எடுத்து வீசுகிறாள். மாசாத்தனாரின் கோபத்தை விட இது எனக்கு வலுவாகப் படுகிறது.

245ஐயும் சொல்லிவிடுகிறேன். சேரமான் மாக்கோதை, மனைவியை எரியூட்டிய பிறகு பாடியது. அவன் எமனைத் திட்டவில்லை. என் துயரம் எவ்வளவு பெரிதாக இருந்து என்ன, என் உயிரை எடுக்க அதற்குத் தெம்பில்லையே என்கிறான். "இன்னும் வாழ்வல், என் இதன் பண்பே", இன்னும் உயிரோடு இருக்கிறேனே, இது என்ன தன்மை என்று தன் உயிரோடேயே சண்டை போடுகிறான்.

எமனோடு சண்டை போடும் பழக்கம் ஏட்டோடு நின்றுவிடவில்லை. ஒப்பாரியில் எமனைக் கேள்வி கேட்கிற வரிகள் இன்றும் வருகின்றன. உங்கள் ஊரில், உங்கள் பாட்டியோ அத்தையோ எமனைத் திட்டிப் பாடிய வரி ஏதாவது நினைவிருந்தால் கமெண்டில் எழுதுங்கள். ஊர்ப் பெயரையும் போடுங்கள். பாடத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சம்மதித்தால், போனிலேயே பதிவு செய்து வையுங்கள். வருகிற வரிகளை வைத்து அடுத்த வீடியோ செய்கிறேன்.