கண் பட்டது, கருத்தில் படவில்லை

எல்லோரும் ஒரு கையை நீட்டி, கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஒரு நேரத்தில் நம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிவது ஏறக்குறைய அந்த நகத்தளவு இடம்தான். மற்றதெல்லாம் மங்கல். கண் நொடிக்கு மூன்று முறையாவது தாவித் தாவி நிற்பதால் அந்த மங்கலை நாம் உணர்வதில்லை.

வீடியோ கேம் ஆடுபவரின் கண் எங்கே நிற்கிறது, எங்கே தாவுகிறது என்று பதிவு செய்யும் கருவிதான் ஐ டிராக்கர். திரைக்குக் கீழே ஒரு சிறு பட்டை, அவ்வளவுதான். அதிலிருந்து வரும் அகச்சிவப்பு ஒளி கருவிழியில் ஒரு புள்ளியாக மினுங்கும். கண்மணியின் நடுவுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள இடைவெளியைக் கேமரா அளந்து, பார்வை திரையில் எங்கே விழுகிறது என்று கணக்கிடும். எளிய கருவி நொடிக்கு 60 முறை அளக்கும். ஆய்வுக்கூடக் கருவி 1000 முறைகூட அளக்கும். ஆட்டம் தொடங்கும் முன் ஆடுபவருக்கு ஏற்பக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். அதில் அவசரப்பட்டால் அப்புறம் கிடைப்பது எதையும் நம்ப முடியாது.

துப்பாக்கிச் சண்டை ஆட்டங்களில் பார்வை பெரும்பாலும் திரையின் நடுவில், குறி வைக்கும் இடத்தையே சுற்றி வரும். மூலையில், மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் ஹெல்த் பார் வற்றிக்கொண்டிருந்தாலும் கண் அந்தப் பக்கம் போகாது. அடிபடும்போது திரையின் ஓரமே சிவப்பது இதற்காகத்தான். ஓரப்பார்வைக்கு எழுத்தும் எண்ணும் எட்டாது. சட்டென்று மாறும் ஒளியும் அசைவும் எட்டும். இதைப் புரிந்து செய்த வடிவமைப்பை நான் மனதாரப் பாராட்டுவேன்.

சரி, கண் பட்டுவிட்டால் பார்த்ததாகிவிடுமா? 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனில் ஒரு கொரில்லா படத்தை ஒளித்துவைத்து, 24 கதிரியக்க மருத்துவர்களிடம் கட்டி தேடச் சொன்னார்கள். 20 பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லை. அவர்களில் 12 பேரின் கண் நேராக அதன் மேலேயே விழுந்திருந்தது! தேடியது கட்டி, கொரில்லா மனதில் ஏறவில்லை. விளையாட்டிலும் இதேதான். எதிரியைத் தேடுபவருக்குக் கதவு தெரியாது.

அதனால் பார்வை அதிகம் நின்ற இடங்களைச் சிவப்பாகக் காட்டும் வெறும் ஹீட்மேப் படத்தை வைத்து, 'இங்கே சிவந்திருக்கிறது, ஆகவே கவனித்தார்' என்று அறிக்கை எழுதாதீர்கள் என்று இங்குள்ள மாணவர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆட்டம் முடிந்ததும் பதிவை ஆடியவருக்கே போட்டுக் காட்டுங்கள். மேசை மேலிருந்த சாவியில் அவருடைய கண் அரை நொடி நின்ற இடத்தில் நிறுத்துங்கள். "அட, அங்கே சாவியா இருந்தது?" என்று அவரே கேட்பார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.