சந்தாவும் ஓட்டும்

(இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதியான ஹட்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

எங்கள் அப்பாயி முதல் தடவை ஓட்டுப் போட்டபோது அவருக்கு அறுபது வயதாகியிருந்தது. டிரங்குப் பெட்டியில் கிடந்த நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து விரல் மையைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "கொழுந்துக் கறை மாதிரியே இதுவும் போக மாட்டேங்குதே" என்றார்.

1947இல், தோட்டத்து மக்களான நம் கட்சியாக இருந்த இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். மறுவருடமே பிரசாவுரிமைச் சட்டம் வந்து நம்மில் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் ஓட்டும் போனது. அப்புறம் மக்கள் ஓட்டில் நம் ஆள் ஒருவர் உள்ளே போக 1977 வரை ஆனது. நுவரெலியா-மஸ்கெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான்தான் அவர்.

இடையில் இருந்த முப்பது வருடமும் நமக்காகப் பேசியவை தொழிற்சங்கங்கள். அந்தக் கடனை நான் மறைக்கவில்லை. ஆனால் சம்பளத்தில் சந்தா பிடிக்கிற சங்கமே ஓட்டும் கேட்டு வந்ததில் ஒரு சிக்கல் முளைத்தது. நாம் குடியிருக்கிற வரிசை வீடான லயம் ஒழுகுகிறது என்று கூரைத் தகரம் கேட்டுப் போனால் முதல் கேள்வியே "நீங்க எந்தச் சங்கம்?" என்பதுதான். ஓட்டுப் போட்ட குடிமகன் என்று பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபையின் கதை இன்னும் வேடிக்கை. நம் ஓட்டில் உறுப்பினர் வருவார். ஆனால் 1987ஆம் வருடச் சட்டம், தோட்டத்துக்குள் காசு செலவழிக்க விடாமல் சபையின் கையைக் கட்டிப் போட்டிருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். எங்கள் பக்கம் தார் ரோடு தோட்டத்துப் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். ஒரு மழை இரவில் பிள்ளைத்தாச்சி ஒருத்தியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாலு முனையில் ஒரு முனையைப் பிடித்தவர் எங்கள் சபை உறுப்பினர். பாவம், அவரால் முடிந்தது அதுதான்.

2024இல் பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி என்று நம் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். கொழுந்து எடுப்பது பொம்பளை, மாலை வாங்குவது ஆம்பளை என்கிற கணக்கு கொஞ்சம் அசைந்திருக்கிறது. சரி, இனி அவர்களையும் கேள்வி கேட்க வேண்டும்.

கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற நம் பிள்ளைகள் ஓட்டுக்கென்றே லீவு போட்டு வருகிறார்கள். போன தடவை லயத்துக்கு வந்த வேட்பாளரிடம் ஒரு பையன், "நாங்க இருக்கிற காணிக்கு உறுதிப் பத்திரம் எப்ப தருவீங்க?" என்றான். "தம்பி எந்தச் சங்கம்?" என்றார் அவர். பையன் தன் அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.