பால் கொடுக்கும்போது கரு நிற்காதா?

[திரையில்: காலண்டர் தாள்கள் ஒவ்வொன்றாகப் புரள்கின்றன]

வணக்கம். கைக்குழந்தைக்கு எட்டு மாதம். பிரசவத்துக்குப் பிறகு மாதவிடாய் இன்னும் வரவில்லை. "பால் கொடுக்கிற இல்ல, அதனாலதான்" என்கிறார்கள் வீட்டில். வயிறு ஒரு மாதிரி இருக்கிறதே என்று டாக்டரிடம் போனால், ஸ்கேனில் நான்கு மாதக் கரு.

"கொஞ்சம் ஜாக்கிரதையா இருந்திருக்கக் கூடாதா?" அந்தப் பெண்ணிடம் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அவள் ஜாக்கிரதையாகத்தான் இருந்தாள். அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்குதான் தப்பு.

தாய்ப்பால் கருவைத் தடுக்கும் என்பது முழுப் பொய் இல்லை. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிக்கும்போது, கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோன்கள் அடங்கியிருக்கும். ஆனால் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது. மாதவிடாய் திரும்பியிருக்கக் கூடாது. இரவு பகலாகத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பாதுகாப்பை நம்பலாம். ராகிக் கஞ்சி ஊட்டத் தொடங்கிய வீட்டில் அது செல்லாது.

[திரையில்: முட்டை ஒன்று கருக்குழாய்க்குள் நகர்கிறது]

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முதலில் வெளிவருவது கருமுட்டை. மாதவிடாய் வருவது அதற்குச் சுமார் 2 வாரம் கழித்து. அந்த முதல் முட்டையிலேயே கரு உண்டாகிவிட்டால், மாதவிடாய் வரவே வராது. "இன்னும் தூரமே ஆகலையே" என்று நம்பிக்கொண்டே மாதங்கள் ஓடிவிடும்.

உலகில் உண்டாகும் கர்ப்பங்களில் கிட்டத்தட்டப் பாதி திட்டமிடாதவை என்று ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2022-ல் சொன்னது. இவ்வளவு பேரும் கவனக்குறைவானவர்களா என்ன?

வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர் ஒரு மாத லீவில் வருகிறார். அவர் வந்திறங்கிய அன்று மாத்திரையைத் தொடங்கினால் போதும் என்று மனைவி நினைக்கிறாள். சாதாரணக் கருத்தடை மாத்திரையைச் சுழற்சியின் நடுவில் தொடங்கினால், முதல் 7 நாளுக்கு ஆணுறையும் வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இந்த மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும். இதை மருந்துச்சீட்டு எழுதும்போதே ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் தப்பித்திருப்பார்கள்.

அப்புறம், யார் முடிவெடுக்கிறார்கள் என்ற விஷயம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். எனக்கு இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. ஆணுக்கான ஆபரேஷன் இரண்டிலும் எளிது. தையல்கூடத் தேவைப்படாது.

நம் ஊரில் "இரண்டு பிறக்கட்டும், ஆபரேஷன் பண்ணிக்கலாம்" என்பதுதான் திட்டம். முதல் குழந்தைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் என்ன செய்வது என்று மாமியாரும் பேசுவதில்லை, கணவரும் பேசுவதில்லை. எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி மாட்டிக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

[திரையில்: காப்பர்-டி]

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். அரசு மருத்துவமனையில் இலவசம். 380ஏ வகை 10 வருடம் வேலை செய்யும். வேண்டும்போது எடுத்துவிட்டால் மறுபடி கருத்தரிக்கலாம். பால் சுரப்பும் குறையாது. கர்ப்பத்தின் ஏழாம் மாதச் செக்கப்புக்குப் போகும்போதே கணவரையும் கூட்டிக்கொண்டு போய் இதைக் கேட்டுவிடுங்கள். வலி வந்த பிறகு இதைப் பேச யாருக்கும் நேரம் இருக்காது.