முகத்தைத் தேய்ப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில், எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே டூவீலர் ஓட்டிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தால் கைக்குட்டை கறுத்துவிடும். காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் எல்லாப் பக்கமும் இதே நிலைமைதான். அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் பலர், தோலைத் தேய்த்து இறந்த செல்களை உரிக்கும் ஸ்க்ரப்பைக் கையில் எடுக்கிறார்கள். தோல் மருத்துவராக இந்தப் பகுதி மக்களைப் பார்க்கிறவள் என்ற முறையில் எனக்கு இதில் பெரிய கவலை உண்டு.

தூசி தோலின் மேலே உட்கார்ந்திருப்பது. தண்ணீரும் மென்மையான ஒரு ஃபேஸ்வாஷும் இருந்தால் போய்விடும். இறந்த செல்களை நீக்குவது வேறு வேலை. தோலின் வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ 15, 20 அடுக்கு இறந்த செல்கள் இருக்கின்றன. முகத்தில் இன்னும் குறைவு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே இறங்காமலும் காப்பது அவைதான். கீழே பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சிலருக்கு இந்தக் காப்பு இயல்பாகவே பலவீனமாக இருக்கும். புது க்ரீம் பட்டாலே எரியும், வெயிலில் நின்றால் அரிக்கும். நம் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. முகம் சூடாகும், குறுகுறுக்கும், சில நாளில் அந்த இடம் கறுக்கும். அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து மறுபடியும் தேய்ப்பார்கள், இன்னும் கறுக்கும்.

ஆகவே இறந்த செல்களை நீக்க எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. இப்போது முகத்தில் என்ன போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 'கலர் வரும்' ட்யூபா? அதன் பின்பக்கம் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசால் என்று பொடி எழுத்தில் இருந்தால் அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு விதியை இறுக்கிவிட்டது. ஆனாலும் ட்யூப் கைமாறுகிறது. முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, பரு கிளம்பி, வெயில் பட்டாலே எரியத் தொடங்கும். இந்த நிலையில் எந்தத் தோலுரிப்பும் வேண்டாம். ட்யூபைத் திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் பல மடங்காகும் என்பதால் மருத்துவரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். ராயபுரம் ஸ்டான்லி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அந்த ட்யூபையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

சரி, அப்படி எதுவும் இல்லை, தோல் கொஞ்சம் கோபக்காரத் தோல், அவ்வளவுதான் என்றால்?

சர்க்கரை, உப்பு, வால்நட் ஓடு கலந்த ஸ்க்ரப், பீர்க்கங்காய் நார் இவை எதுவும் முகத்துக்கு ஆகாது. நாரைக் குதிகாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகிறவர்களுக்குக் கொப்புளமே வரலாம். அதன் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். நலங்கு மாவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். மில்லில் அரைத்து வந்த மாவில் ஒரு சிட்டிகையை ஈர விரல்களுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். ரவை மாதிரி நெருடினால் அது முகத்துக்கு இல்லை. அதில் சேர்க்கும் கிழங்கும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் எவ்வளவு அரைத்தாலும் பொடிப்பொடியாக நெருடும். வெறும் பயத்தமாவை மெல்லிய துணியில் சலித்து, நன்றாகக் குழைத்து, தேய்க்காமல் பூசிக் காய்வதற்குள் கழுவினால் பெரும்பாலோருக்குத் தொந்தரவு இருக்காது.

அமிலம் என்றால் பயப்படுகிறார்கள். உண்மையில் எரிச்சல் தோலுக்குத் தேய்ப்பதைவிட, மெதுவாக வேலை செய்யும் மிதமான அமிலம் பெரும்பாலும் நல்லது. செல்களை ஒட்டிவைத்திருக்கும் பிடிப்பை அது தளர்த்தும். அவை தானாக உதிரும். கிளைக்காலிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, சட்டென்று உள்ளே இறங்கும், அதனால்தான் அதிகம் எரிகிறது. குளுக்கோனோலாக்டோன் என்ற மிதமான அமில வகையின் மூலக்கூறு பெரியது, நிதானமாக இறங்கும், ஈரத்தையும் பிடித்துவைக்கும். என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன். கிடைக்காவிட்டால் 5 சதவீத லாக்டிக் அமிலம். 20, 30 சதவீதம் என்று ஆன்லைனில் விற்கும் பீல்களை, அதாவது தோலை உரிக்கும் கடும் அமிலங்களை, வீட்டில் தொடவே வேண்டாம்.

முதலில் முழங்கையின் உட்பக்கம் ஒரு சின்ன இடத்தில் தொடர்ந்து சில இரவுகள் போட்டுப் பாருங்கள். பிரச்சினை இல்லையென்றால் முகத்தில் வாரத்துக்கு ஓர் இரவு, காய்ந்த முகத்தில், மெல்லிசாக. கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் விட்டுவிடுங்கள். மேலே மாய்ஸ்சரைசர். த்ரெட்டிங், ப்ளீச் செய்த வாரத்தில் நிறுத்திவையுங்கள். இந்த அமிலங்கள் பலவும் வெயில் தோலை எளிதில் தாக்கும்படி செய்யும்; அதனால் பகலில் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் கட்டாயம். அமிலத்தை நிறுத்திய பிறகும் ஒரு வாரமாவது சன்ஸ்கிரீன் போடுங்கள்.

போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. அந்தத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாமல் தோலில் படலமாக ஒட்டிக்கொள்ளும், அதுவே எரிச்சலாகும். கடைசியாக ஒரு சொம்பு மெட்ரோ தண்ணீரில், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீரில், முகத்தை அலசுங்கள். சிலருக்கு இதிலேயே பாதி எரிச்சல் அடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

அமிலம் போட்டதும் ஒரு நிமிஷம் சுருக்கென்று இருப்பது பரவாயில்லை. அதற்கு மேலும் எரிந்தால் குளிர்ந்த தண்ணீரில் கழுவி வாஸ்லைன் தடவுங்கள். தோல் அடங்கும்வரை, இரண்டு வாரமானாலும் சரி, வேறு எதுவும் போடாதீர்கள். நீர் கசிந்தாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

நன்றி, வணக்கம்.